கடலைக் கொல்லையில் வழுக்கை

எனக்குப் பொறுமைன்றது கொஞ்சமும் கெடையாது. இட்லி வேகுறதுக்குள்ள மூணு தபா மூடியத் தொறந்து பாக்குற ரகம் நான். அதுக்காக யாரும் என்னைத் திட்ட வேணாம், என்னைக் கட்டிக்கினவரும் அதே ரகம்தான்.

ஐம்பதுகள்ல, கல்யாணமாகி திருவாலங்காட்டுப் பக்கம் வந்த புதுசு. மாமனாருக்கு நெல்லைத் தவிர வேற எதுவும் பயிராவே தெரியாது. ஸ்டேஷனுக்குப் போற வழியில சும்மா கெடந்த மேட்டுக் கொல்லையில வேர்க்கடலை போடலாம்னு எங்க வீட்டுக்காரரு அவரை பேஜாரு பண்ணிக்கினே இருந்தாரு. கடைசில மாமனார் எறங்கி வந்தாரு. ஒரு வெள்ளாமை பாப்பேன், வெளஞ்சா கொல்லை உங்களுது, வெளையலன்னா வாயத் தொறக்காம என் நெல்லு வயல்ல எறங்கணும், நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு.

எங்களுக்குத் தலகால் புரியல. செடி மொளச்சுது, மஞ்சமஞ்சளா பூத்துது. வேர்க்கடலையில வம்பு இன்னான்னா, காய்க்கிறதெல்லாம் மண்ணுக்குள்ள. புடுங்கினாத்தான் தெரியும், புடுங்கினா செடி போச்சு. மத்தியானம் கூழ் எடுத்துக்கினு போவேன். கை சும்மா இருக்குமா? இவரு அந்தாண்ட திரும்பினதும் ஒரு செடியப் புடுங்கிப் பாப்பேன். பிஞ்சு. ஆட்டுக்குப் போட்டுடுவேன். மறுநாளும் மனசு அடிச்சிக்கும். நேத்தைக்கு இன்னைக்கு முத்தியிருந்தா?

கொஞ்ச நாள்ல கொல்லை நடுவுல வழுக்கை விழுந்துடுச்சு. எனக்கே திக்குனு ஆச்சு, நானா இவ்ளோ புடுங்கினேன்? பன்னி பூந்துடுச்சுன்னாரு இவரு. சொல்லும்போது மூஞ்சி ஒரு மாதிரி இருந்துது. மறஞ்சிருந்து புடிச்சே ஆவணும்னு, வெயில் நேரத்துல ரெண்டு பேரும் பனங்கன்னு மறைவுல குந்தினோம்.

பன்னி வந்துது, வெள்ளை வேட்டி கட்டிக்கினு. மாமனார்! நாலாபக்கமும் பாத்தாரு, வேட்டிய மடிச்சிக் கட்டினாரு, குந்தினாரு, ஒரு செடியப் புடுங்கினாரு. மண்ணத் தட்டி, காய ஒடச்சி வாயில போட்டுக்கினு கண்ண மூடிக்கினாரு. அப்புறம் இன்னொரு செடி.

மாமனார் எதிர்ல மருமக சத்தமாப் பேசவே கூடாத காலம் அது. முந்தானைய வாயில அடச்சிக்கினும் எனக்கு சிரிப்பு பீறிக்கினு வந்துடுச்சு. அவரு திரும்பிப் பாத்தாரு, கையில செடியோட. வேற வழியில்லாம இவரு எழுந்து நின்னு, "நானும் டெய்லி காலைல ஒண்ணு புடுங்கிப் பாக்குறேன் நைனா"ன்னாரு. அடப்பாவி மனுசா! தரையப் பாத்துக்கினே, நான் மத்தியானத்துலன்னு சொல்லிட்டேன்.

மாமனார் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. கொல்லை கைய விட்டுப் போச்சுன்னு நெனச்சேன். அவரு இன்னா பண்ணாரு, கையிலிருந்த கடலைய உருவி எங்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தாரு. இளசும் இல்லாம முத்தலும் இல்லாம, இனிப்புன்னா அப்படியொரு இனிப்பு.

"காய் நல்லா புடிச்சிருக்கு. கொல்லை உங்களுதுதான்"னாரு, மென்னுக்கினே. "மொதல்ல சுத்தி முள்ளுவேலி போடுங்க. நம்ம மூணு பேரும் உள்ள பூராத மாதிரி."