தப்பா சொன்னா ஒரு சோல் அடி

இன்னிக்கு ஷூ கம்பெனி பஸ்ல பள்ளிகொண்டா தாண்டறதுக்குள்ள ரத்தம் பாத்துட்டேங்க.

எங்க தையல் லைன் தேவியும் ஷபானாவும் ஞாயித்துக்கிழமை குரூப் ஃபோர் எழுதறாங்க. தேவிக்கு வயசு முடியுது, இதான் கடைசி பரீட்சை. கணக்கோ இலக்கணமோ, தப்பா சொன்னா ஷூ சோலால ஒரு அடின்னு ரெண்டு பேருக்கும் பேச்சு.

சதவீதக் கணக்குல தேவி தப்பா சொல்லிட்டா. பளார்! உதடு கிழிஞ்சிடுச்சு.

இலக்கணத்துல ஷபானா தப்பா சொல்லிட்டா. தேவி விட்டதுல கன்னம் வீங்கிடுச்சு.

"இன்னாடி, கொல்லப் பாக்கறியா?"ன்னு ஷபானா தேவியோட முடியப் புடிச்சிட்டா.

விலக்கப்போன எனக்கும் முதுகுல ரெண்டு.

"நீ தள்ளுக்கா. ஷபானா, அடுத்த கணக்கு கேளுடி!"ன்னா தேவி, ரத்தத்த தொடச்சிக்கினே.

சரியா சொல்லிட்டா! மொதல்ல கை தட்னது ஷபானாதான்.

நாளைக்கு தேவி வி.ஏ.ஓ. ஆகி உக்காந்தா, மனுவ தப்பா எழுதி எடுத்துனு போற தைரியம் யாருக்கு இருக்கு? கை தூக்குங்க பாப்போம்.