சாயம் கண்ணில் ஏறாது

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணியில் வேடியப்பனின் கைகள் மஞ்சளாகிவிடும். காவடிக்காரர்களின் வேட்டிகளுக்குச் சாயம் போடுகிறவன் அவன். முழங்கை வரை ஏறியது இறங்கப் புரட்டாசி ஆகும். அதனால் அந்த யுத்த வருஷத்தில் கழுத்து, மார்பு என்று மஞ்சள் பரவியபோது யாரும் பயப்படவில்லை.

அவன் மனைவி ரஞ்சிதம் கேலிதான் செய்தாள். ஊரில் எல்லோருடைய குரலும் அவள் தொண்டைக்குள் இருந்தது. மலைப்படியில் கற்பூரம் விற்கும் தாயம்மாளைப் போல மூக்கால் இழுத்து, "எப்பா, நீ காவடி எட்த்துகினு வந்தியா, இல்ல காவடியே நீதானா?" என்பாள்.

வேடியப்பன் சிரித்துக்கொண்டே சொறிவான். "ஒடம்பெல்லாம் அரிக்குதுடி. ராவுல தூக்கமே இல்ல."

"சாயத்துல முங்கிக் கெடந்தா அரிக்காம இன்னா பண்ணும், பாவா?" அத்தை மகன், கல்யாணத்துக்குப் பிறகும் அவளுக்கு அவன் பாவாதான்.

தீபாவளி வந்தது. சாயத்தொட்டி எப்போதோ காய்ந்துவிட்டது, மஞ்சள் இறங்கவில்லை. சோற்றைக் கண்டால் குமட்டினான். அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவியது. வலி மட்டும் இல்லை, அதனால் வைத்தியரிடமும் போகவில்லை.

ஒரு காலை, கொல்லையில் அவன் போய்விட்டு வந்த இடம் ரஞ்சிதத்தின் கண்ணில் பட்டது. மூத்திரம் புளிக்கரைசல் நிறம். மலமோ சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அவனை வெயிலுக்கு இழுத்து வந்து இமையை விலக்கினாள். வெள்ளை விழி முழுக்க மஞ்சள்.

சாயம் கண்ணில் ஏறாதே!

கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். மஞ்சள் பச்சையோடிக் கறுத்தது. அரக்கோணத்துக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். அவனை வெளியே உட்காரச் சொன்னார். "பித்தம் எறங்குற குழாயை அடைச்சுகிட்டு கட்டி இருக்கும்மா. புத்துநோய். ஈரலுக்கும் பரவியிருக்கு."

"ஆடியிலேயே இட்டாந்திருந்தா, சாமி?"

"அப்பவும் கஷ்டந்தாம்மா," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

திரும்பும் ரயிலில் வேடியப்பன் கேட்டான்: "டாக்டரு இன்னாடி சொன்னாரு? அவர மாதிரியே சொல்லு."

ரஞ்சிதம் தொண்டையைச் செருமினாள். கண்ணாடியை ஏற்றிவிடுவது போல விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். "ஒண்ணுமில்லப்பா. தை பொறந்தா சரியாயிடும்."

அவன் சிரிக்கவில்லை. "ஊருல எல்லாரு கொரலும் உனக்கு வரும். இது உன் கொரலுடி."

பிறகு கையைச் சொறிந்தபடி சொன்னான்: "வர்ற ஆடிக்கு வேட்டிய நீயே தோய்ச்சுடு. தண்ணி நல்லா கொதிச்சப்பறம் மஞ்சளப் போடு."

"ஆங், பாவா," என்றாள். அவன் சொறியும் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.