மழைக்காலத்தில் வந்த வெல்ல வாசனை

எலவனாசூர்கோட்டையில் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் பின்னால் கரும்புக் கொல்லை. அதையொட்டி வெல்லம் காய்ச்சும் கொட்டகை. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அம்மாவின் கடைசித் தம்பி. தாய்மாமன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுக்க எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததுகூட இல்லை.

முதல் பிள்ளை கரும்பு வெட்டும் காலத்தில் பிறந்தான். சில நாளிலேயே பால் குடிப்பதை விட்டுவிட்டான். உடம்பு விறைக்கும், உடனே துவண்டுவிடும். அவன் நனைத்த துணியில் வெல்லப்பாகு வாசனை அடித்தது. கொட்டகைப் புகைதான் துணியில் ஏறியிருக்கிறது என்று நினைத்தோம். குடிக்காத பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமே என்று அக்கா பாலைப் பீய்ச்சி, பாலாடையால் ஊற்றிக்கொண்டே இருந்தாள். பிழைக்கவில்லை.

இரண்டாவது பெண். ஐப்பசி அடைமழை. கொட்டகை அடுப்பில் தண்ணீர் நின்று தவளை கத்திக்கொண்டிருந்தது. அக்கா ஈரத் துணியை உருவி முகர்ந்து பார்த்தாள். பிறகு என் மூக்கருகே நீட்டினாள். அதே பாகு வாசனை.

"அவன்தான்டீ திரும்பி வந்துக்கினு இருக்கான்," என்றாள். சோறு வெந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

மாமா கல்வராயன் மலைக்கு ஓடித் தாயத்து மந்திரித்து வந்தார். அவர் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்கப்புறம் அந்தத் தெருவில் எங்களோடு பேசினவர்களை விட எங்களைப் பற்றிப் பேசினவர்கள்தான் ஜாஸ்தி.

அக்கா மூன்றாவது முறை உண்டானபோது உளுந்தூர்பேட்டை டாக்டர், "சொந்தத்துல கட்டினதா?" என்று கேட்டுச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே மரபணு ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மாள், பிள்ளைகளின் மூத்திரத்தில் ஏதாவது வாசனை வந்ததா என்று கேட்டார். மாமா இல்லை என்று தலையாட்டினார். அக்கா மட்டும், "வெல்லம்," என்றாள். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அது ஒரு பிறவி நோயாம். வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் அந்த வாசனையை வைத்துத்தான் இந்த நோயையே அடையாளம் கண்டாராம். எந்த மரபணுவில் பிழை என்று பின்னால் வந்தவர்கள் தேடிப் பிடித்தார்களாம். இப்போது வயிற்றில் இருக்கும்போதே பார்த்துவிடலாமாம். அம்மாவும் மாமாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அந்தப் பிழை அம்மா வழியாக அக்காவுக்கும் வந்திருந்தது, மாமாவிடமும் இருந்தது. இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து வந்தால்தான் பிள்ளைக்கு நோய்.

"இதுக்குப் பேயே தேவலாம். வேப்பிலையாவது அடிக்கலாம்," என்றாள் அம்மா.

மூன்றாவதுக்கு நோய் இல்லை என்று முடிவு வந்தது. நாங்கள் அழுதோம். அக்கா அழவில்லை. "அந்த ரெண்டுக்கும் இன்னா பண்ணியிருக்கணும்?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். தாய்ப்பாலில் இருக்கும் புரதத்தைக்கூட அந்த உடம்பு தாங்காது, உள்ளே விஷமாகச் சேரும். உடனே கண்டுபிடித்துத் தனிப் பால் மாவு கொடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம்.

"அப்ப நான் ஊத்தினது?"

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்," என்றார்.

பெண் பிறந்தாள். அக்கா மார்பை முந்தானையால் இறுகக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது. யார் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் நர்ஸ் அதட்டி, குழந்தையை மார்பில் வைத்து அழுத்தினார்.

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"நிறுத்திட்டா சொல்லுடீ."

நான் அந்தச் சின்னத் தொண்டை பாலை விழுங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது நிறுத்தவில்லை.