எதிரே வந்த விறகுக்கட்டு

அதிர்ஷ்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைப் பெற்ற ஐயா அதைச் சொல்லிச் சொல்லியே என் ஒரு வருடத்தைத் தின்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு நாங்கள் வந்தபோது சீட்டுக் குலுக்கித்தான் காணி பிரித்தார்கள். ஐயாவுக்கு விழுந்தது வாய்க்காலின் கடைசித் துண்டு. மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்தபின் எங்களுக்கு வந்தது சேறு. அன்று தொடக்கம் சகுனம் பார்க்காமல் அவர் வாசல் படலை தாண்டமாட்டார்.

நானோ பகுதியையே நிர்வகிக்கும் காரியாதிகாரி ஆக நினைத்தேன். சிரிக்க வேண்டாம். முதலில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், பிறகு ஒவ்வொரு சோதனையாக எழுதி அந்தக் கதிரை. வரம்பில் இருந்தும் காவல் பரணில் இருந்தும் படித்தேன்.

வவுனியாவில் கிளாக்கர் சோதனை. காலையில் ஒரேயொரு பஸ். நான் படலையைத் திறக்க, பக்கத்துக் காணி மாமி தலையில் விறகுக்கட்டோடு எதிரே வந்தார். புருஷனைக் காய்ச்சலில் பறிகொடுத்து, விறகு விற்றுப் பிழைத்தவர்.

"திரும்படா! விறகோடை அறுதலி வாறாள். வந்து இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று ஐயா கத்தினார்.

இருந்தேன். குடித்தேன். சந்திக்கு ஓடியபோது பஸ்ஸின் புழுதிதான் மிச்சம்.

வயதெல்லைப்படி இன்னும் ஒரு தடவைதான் எழுதலாம். அந்த வருடம் முழுவதும் ஐயா மாமியை ஏசினார். மாமி எங்கள் ஒழுங்கையை விட்டு, காட்டைச் சுற்றிப் போகத் தொடங்கினார். நான் ஐயாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மாமிக்காக ஒரு சொல்லும் சொல்லவுமில்லை. என் கோபமெல்லாம் எனக்காகத்தான்.

அடுத்த முறை ஐயா எழும்புமுன் வெளிக்கிட்டேன். காட்டோர வளைவில் மாமி, அதே விறகுக்கட்டு. என்னைக் கண்டதும் பற்றைக்குள் ஒதுங்கினார்.

"வாங்கோ மாமி, எனக்கு முன்னாலை வாங்கோ."

"ஏன், இன்னும் ஒரு வருசம் ஏச்சு வாங்கவோ? நீ போ!"

"நீங்கள் வராமல் நான் போகமாட்டன்."

"போன வருசம் நானோ உன்ரை பஸ்ஸை மறிச்சனான்? கொப்பர் தண்ணி குடி எண்டார், நீ குடிச்சனி!"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. பிடிவாதமாக நின்றேன். கடைசியில் அவர் பல்லை நெருமிக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்து, கடந்து போனார்.

இந்த இழுபறியில் பஸ் நேரம் தவறிவிட்டது. ஓடினேன். சந்தியில் சனம் இன்னும் நின்றது. பஸ் வரும் முல்லைத்தீவு வீதியில் யானை நிற்கிறதாம், பஸ் பிந்துமாம்.

அந்த யானை முன்னதாக விலகியிருந்தால் நான் இன்றைக்கும் சேறு மிதித்துக்கொண்டிருப்பேன். அது அதிர்ஷ்டம்தான், மனமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்விகளுக்கு விடை எழுதியது யானையல்ல.

நியமனக் கடிதம் வந்த அன்று ஐயா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, முற்றத்தில் கூடியவர்களிடம் சொன்னார்: "இந்த முறை அவள் முன்னாலை வரேல்லை. அதுதான் விசயம்."

"வந்தவா ஐயா. விறகோடை, நேருக்கு நேர். நான்தான் கூப்பிட்டனான்."

ஐயா என்னைப் பார்த்தார்.

"அப்ப, போன வருசம்..." என்று தொடங்கினார்.

"போன வருசம் நீங்கள் தண்ணி குடி எண்டனீங்கள், நான் குடிச்சனான்" என்றேன்.