தினமும் ஏழு மணிக்கு

பரமசிவத்துக்குக் கவுகாத்திக்கு மாற்றலான பிறகு, தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அவர் மனைவி அம்பிகா தனியாகத்தான் இருந்தாள். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. அதற்கு வாய் தேவைப்படவில்லை. பகல் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறதே என்றுதான் தில்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு யூடியூபில் நேரலையாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். தினமும் மாலை ஏழு மணி. யாராவது கேட்டால், பிள்ளைகளுக்குத் தமிழ் விட்டுப்போகக் கூடாதே என்பாள். அதுவும் பொய்யில்லை.

தீபாவளி முடிந்து ஊரைப் புகைமூட்டம் கவிந்ததும் தொண்டை கட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாடம் தயாரிக்கவே பாதிப் பகல் போயிற்று, மொழிபெயர்ப்பு தேங்கியது. ஒருநாள் 'ழ' சொல்லிக்கொடுக்கையில் குரல் அறவே நின்று வெறும் காற்றுதான் வந்தது.

"மிஸ், மியூட்ல இருக்கீங்க" என்று ஒரு பிள்ளை சாட்டில் எழுதியது.

பரமசிவம் போனில் பிடித்துக்கொண்டார். "ஒன்னய யாரு தெனமும் வரச் சொன்னா? அரசாங்க ஆபீசே அஞ்சு நாளுதான் நடக்கு. வாரத்துக்கு ஒருநாள் வையி."

"நாள் விட்டா பிள்ளைய வராதுல்லா?"

"வராட்டிப் போகுது."

ஏழு மணியை எடுத்துவிட்டால் அந்த நாளில் தனக்கு என்ன மிச்சம் என்று அவரிடம் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் கரகரத்த குரலில் அறிவித்தாள்: இனி சனிக்கிழமை மட்டும்.

ஸ்ம்ருதி என்ற சிறுமி உடனே சாட்டில் எழுதினாள்: "அப்போ நேத்து கிளாஸ் இல்லையா மிஸ்?"

அம்பிகாவுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. இந்தியில் நேற்றும் 'கல்', நாளையும் 'கல்'. போனது எது, வரப்போவது எது என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எப்போதும் குழப்பம்தான்.

"நாளைக்குத்தான்மா இல்ல. நேத்து இருந்துச்சு" என்று திருத்தினாள். வாயைவிட்டு வந்தபிறகு அது பாடம் மாதிரியே இல்லை.

பிள்ளைகள் கெஞ்சும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தாள். யாரும் கெஞ்சவில்லை. பாடம் முடிந்ததும் போன் வந்தது. ஸ்ம்ருதியின் அம்மா வைதேஹி.

"நல்ல முடிவு பண்ணேள். டியூஷன்லேருந்து இழுத்துண்டு வந்து தினமும் உக்கார வெக்கறதுக்குள்ள எனக்குப் பிராணன் போறது. நீங்க தனியா இருக்கேளேன்னுதான் யாருமே வாயத் திறக்கல."

"அச்சா... அச்சா" என்று மட்டும் சொன்னாள் அம்பிகா.

புதிய ஏற்பாடு நன்றாகவே பொருந்தியது. பாடத்தை நிதானமாகத் தயாரித்தாள். தேங்கிய வேலை நகர்ந்தது. சனிக்கிழமையானால் இன்னும் நாலைந்து பிள்ளைகள் சேருவார்கள் என்று வைதேஹி செய்தி அனுப்பியிருந்தாள். பரமசிவம் சிக்னல் கிடைக்காத ஏதோ மலைப்பக்கம் டூர் போயிருந்தார்.

வியாழக்கிழமை பால் பூத்தில், "பையா, ஏக் பாக்கெட்" என்றாள். அந்த வாரத்தில் அவள் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல். குரல் கணீரென்று வந்தது. தொண்டை எப்போது சரியானது என்று அவளுக்கே தெரியவில்லை.