கனிசியஸின் செற் நின்ற ஏழு நிமிடம்

பண்டத்தரிப்பில் கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா, சேர்ச் பெருநாள் எதுவென்றாலும் கனிசியஸின் ஸ்பீக்கர் பெட்டிகள்தான் கத்தும். சத்தம் அடுத்த ஊருக்கும் கேட்டால்தான் மனுசனுக்குச் சோறு இறங்கும். அப்பேர்ப்பட்டவரிடம் மகள் றெஜினா, "அப்பா, வயலின் போட்டிக்கு வீட்டிலை வாசிச்சுப் பதிஞ்சு அனுப்பட்டாம். நல்ல மைக் ஒண்டு வாங்கித் தாங்கோ" என்று கேட்டுவிட்டாள். வந்ததே கோபம்!

"கொட்டில் நிறைய மைக் கிடக்கு. சவுண்ட்காரன்ரை பிள்ளைக்குக் கடையிலை மைக்கோ? ஊர் சிரிக்கும்!"

அன்றைக்கே நாலு பெட்டி, அம்பிளிபயர், எக்கோ மெசின் எல்லாம் விறாந்தைக்கு வந்து சேர்ந்தன. பதிவதற்குப் பெட்டி எதற்கு என்று றெஜினா கேட்டாள். "பெட்டி இல்லாமல் மைக் என்னெண்டு வேலை செய்யும்?" என்று அவளையே திருப்பிக் கேட்டார். அவள் வில்லை ஒருதரம் இழுத்தாள். அந்த ஒரு சுரம் ஐந்து தரம் திரும்பி வந்தது. பிறகு பெட்டிகள் கூவத் தொடங்கின. அடுத்த வீட்டு நாய் படலை பாய்ந்து ஓடியது. எக்கோ இல்லாத பாட்டு உப்பில்லாத கஞ்சி என்பது கனிசியஸின் கட்சி. அதை அவர் விடுவதாயில்லை. இந்தக் கூத்திலேயே மூன்று நாள் போயிற்று.

கடைசியில் றெஜினா அழுதே விட்டாள்.

"இதிலை வயலின் எது, கூவுறது எது எண்டு எனக்கே தெரியேல்லை. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு முன்னம் அனுப்பாட்டி என்ரை பேரை வெட்டிப்போடுவினம்!"

பிள்ளை அழுதால் கனிசியஸ் தாங்கமாட்டார். யாழ்ப்பாணம் ரவுனுக்கு ஓடினார். கடைக்காரர் போனில் செருகுகிற மைக் ஒன்றை எடுத்து வைத்தார். சின்னக் கத்தரிக்காயளவுதான் இருந்தது.

"எத்தினை வாட்ஸ்?"

"இதுக்கு வாட்ஸ் இல்லை அண்ணை. இது கேக்கிற சாமான், கத்திற சாமான் இல்லை."

"எக்கோவாவது இருக்கோ?"

"அதுவும் இல்லை."

கையில் தூக்கிப் பார்த்தார். பாரமே இல்லை. இப்படியொரு சாமான் வாங்கியதை ஆரும் கண்டுவிடக்கூடாதென்று சேட் பொக்கற்றுக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் இரண்டு ஒழுங்கை தள்ளிப் பிள்ளையார் கோயில் தேர். சவுண்ட் செற் கனிசியஸினுடையதுதான். தன்னுடைய சத்தம் தன் வீட்டுக்கும் கேட்கும் என்பதைத்தான் மனுசன் யோசிக்கவில்லை. பதினொன்றரைக்குப் போன் அடித்தது.

"அப்பா, மைக் திறம். ஆனா நான் ராகம் எடுக்க, பின்னாலை ஆரோ சுவிஸ் உபயகாரற்றை பேர் வாசிக்கினம். கதவு யன்னல் எல்லாம் பூட்டியும் பதிவிலை விழுது. ஏழு நிமிசம் நிப்பாட்டேலாதோ?"

கோயில் சபைத் தலைவர் கனகசபாபதியிடம் போய்ப் பவ்வியமாகக் கேட்டுப் பார்த்தார்.

"இனித்தான் கனடாக்காரற்றை பேர் வரப்போகுது. விசர்க்கதை கதையாதையும்!"

கனிசியஸ் திரும்பி வந்து அம்பிளிபயருக்குப் பக்கத்தில் நின்றார். முப்பது வருசத்தில் அவருடைய செற் எந்தக் கோயிலிலும் இடையில் நின்றதில்லை. அந்தப் பேரை வைத்துத்தான் தொழிலே நடந்தது. ஆரும் பார்க்காத நேரம் பார்த்துப் பியூஸைப் பிடுங்கிவிட்டு, "இப்ப வாசி" என்று போனில் சொன்னார்.

வீதியே திரும்பிப் பார்த்தது. கனகசபாபதி பாய்ந்து வந்தார். கனிசியஸ் மேசைக்குக் கீழே குந்திக்கொண்டு, நல்லாயிருந்த ஆணியொன்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"உம்மடை செற்றை நம்பினன் பாரும்! வாற வருசம் லெனாட்டைத்தான் பிடிப்பன்!"

லெனாட் சங்கானையில் புதிதாகச் சவுண்ட் தொடங்கியவன். வேறு நாளென்றால் அந்தப் பேரைக் கேட்டதற்கே கனிசியஸ் அடிபாட்டுக்குப் போயிருப்பார். இப்போது மேசைக்குக் கீழிருந்தபடியே நிமிர்ந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஓம் ஐயா, அவனையே பிடியுங்கோ. ஆனா கொஞ்சம் மெல்லமாப் பேசுங்கோ. பிள்ளை வாசிக்குது."