முழங்கால் படியில் வந்த விடை

திருப்பதி மலையப்பன் அடியார்கள் அனைவரையும் சிறியேன் வணங்கி, என் இளமையில் நேர்ந்த ஓர் இக்கட்டையும் அது தீர்ந்த வகையையும் சொல்ல வந்திருக்கிறேன். இதுவரை இதை என் வீட்டாரும் ஒரு நண்பனும் மட்டுமே அறிவார்கள்.

நான் மருத்துவ மாணவனாக இருந்தபோது உடற்கூற்றியல் தேர்வில் தவறினேன். முடிவு வந்தது வைகாசி மாதத்தில். ஐப்பசியில் மறுதேர்வு. அதிலும் தவறினால் எனக்குக் கிடைத்துவந்த உதவிச் சம்பளம் நின்றுவிடும். அது நின்றால் படிப்பும் நின்றுவிடும். நாங்கள் நெசவுக் குடும்பம்; நகரியில் எங்கள் வீட்டுத் தறிக்குழி எனக்காகக் காலியாகவே இருந்தது. என் தந்தை, நைனா, கடிதத்தில் கடிந்து ஒரு சொல்லும் எழுதவில்லை. “ஐப்பசி வரைக்கும் பாரு. இல்லேன்னா வந்துடு, தறிக்குப் பாவு நூல் தயாரா கீது” என்று மட்டும் எழுதச் செய்திருந்தார். அந்த அன்புதான் என்னை மிகவும் வருத்தியது.

சென்னை மாநிலத்துக்கும் ஆந்திரத்துக்கும் எல்லை தீர்ந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று, நகரி இந்தப் பக்கம், ஆந்திரத்தில் நின்றது. ஊரில் பலருக்கு அது மனக்குறை. ஆனால் இந்தப் பக்கம் நின்றதனால்தான் திருப்பதிக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. எல்லைக் கோட்டை எங்கே போட வேண்டும் என்று மலையப்பனே பார்த்துச் செய்தான் என்று நான் பெருமிதத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன். அப்படி வந்தவன் முதல் தேர்விலேயே விழுந்தேன்.

விழுந்த காரணத்தை மறைக்காமல் சொல்லுகிறேன். எங்கள் குடும்பத்தில் எழுத்தறியும் முன்பே பாசுரம் கற்பிப்பார்கள். ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு, செவி வழியே நெஞ்சில் ஏறும். அந்தாதி முறையில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகும். ஒன்றைப் பிடித்தால் நூறும் வந்து சேரும். எனக்குத் தெரிந்த கல்வி அது ஒன்றே. உடற்கூற்று நூலையும் அப்படியே நெட்டுருப் பண்ணினேன். இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும், தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும், அச்சுப் பிசகாமல் ஒப்பிப்பேன். வேகமாகக்கூட ஒப்பிப்பேன். ஆனால் இடையில் எங்காவது நிறுத்தி ஒன்று கேட்டால் வாய் அடைத்துப் போகும். மறுபடி முதலிலிருந்து வந்தால்தான் அந்த இடம் வரும்.

வாய்மொழித் தேர்வில் முழங்கால் மூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார் தேர்வாளர். நான் கண்ணை மூடி இடுப்பெலும்பிலிருந்து தொடங்கினேன். தொடை எலும்பின் தலைக்கு வரும்போதே மணி அடித்துவிட்டது. “நான் கேட்டது முழங்கால். நீர் இன்னும் இடுப்பை விட்டு இறங்கவில்லையே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அலுப்போடுதான் சொன்னார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அதற்குப் பின் நான் செய்ததுதான் பெரிய தவறு. போதாதது நேரம்தான் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமைதோறும் மலையேறும் வழக்கத்தை விட்டேன். விடுதிப் பையன்களோடு மாலையில் பந்தாடுவதை விட்டேன். பஜனைக் கோஷ்டியை விட்டேன். அனைவரும் கூடி உண்ணும் வேளையில் போகாமல் ஆறிப்போனதைத் தனியே உண்டேன். கடைசியில், காலையில் நீராடியவுடன் சொல்லும் பாசுரங்களையும் விட்டேன். நெஞ்சில் இருப்பது ஓரிடம், அதில் பாட்டிருந்தால் பாடத்துக்கு இடமில்லை என்று எண்ணினேன்.

ஆவணியில் ஒரு காலை. மனம் கேட்காமல் விளக்கின் முன் நின்று பழைய அந்தாதி ஒன்றைத் தொடங்கினேன். நான்காம் பாட்டில் நின்றுவிட்டது. ஐந்து வயதிலிருந்து சொன்ன பாட்டு. வரவில்லை. முதலிலிருந்து மீண்டும் வந்தேன். அதே இடத்தில் நின்றேன். நின்றபடியே அழுதேன்.

அன்று நான் செய்த விண்ணப்பம் இது: “அப்பனே, பாட்டும் போயிற்று, பாடமும் வரவில்லை. தேர்ச்சியைக் கேட்கவில்லை. நான் எதை விட வேண்டும் என்று மட்டும் நீ சொல். விட்டுவிடுகிறேன்.”

விடை உடனே வரவில்லை. புரட்டாசிதான் வந்தது.

என் அறையில் உடன் இருந்தவன் கோபால், மதனப்பள்ளிக்காரன். தெலுங்கர் தமிழை அரவம் என்பார்கள். அதனால் எனக்கு அவன் வைத்த பெயர் அரவசாமி. முதல் சனிக்கிழமை விடியலில் என் கையிலிருந்த நூலைப் பிடுங்கினான். “ஏமிரா அரவசாமி, இந்த புக்குக்கு எத்தினி தபா தண்டம் போட்டுக் கும்புடுவே? மேல ஒருத்தர் நின்னுக்கினு கீறாரு, அவருக்கு ஒரு தபா போடுரா” என்றான். மறுத்துப் பார்த்தேன். அவன் விடவில்லை. நூலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வர அனுமதித்தான், அவ்வளவே. மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து ஏறினோம். அவன் கோவிந்தா சொன்னான். நான் நரம்புகளை முணுமுணுத்தேன்.

வழியில் செங்குத்தான படிகள் உள்ள ஓரிடத்தை முழங்கால் படி என்று எங்கள் பக்கத்தார் சொல்வார்கள். நேர்ந்துகொண்டவர்கள் அங்கே முழங்காலால் ஏறுவார்கள். நாங்கள் போனபோது படியோரத்தில் ஓர் அம்மாள் ஒரு காலை மடக்கியபடி கிடந்தார். எங்கள் ஊர் போலவே ஆந்திரத்தில் தங்கிவிட்ட சத்தியவேட்டுப் பக்கத்து வேர்க்கடலை விவசாயி, பெயர் முனியம்மா. மகளுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்ததற்காக முழங்காலால் ஏறி வந்திருக்கிறார். பாதிப் படியில் உடம்பு திரும்பியபோது முழங்கால் பூட்டிக்கொண்டது. நீட்ட முடியவில்லை. உடன் வந்தவர்கள் முன்னே போய்விட்டார்கள்.

“அம்மா, மீரு பயப்படாதீங்க. ஈயன டாக்டரு, இவரு பாத்துக்குவாரு” என்று கோபால் என்னை முன்னே தள்ளினான். எனக்கு உயிரே போயிற்று. அம்மாள் என் ஊர் கேட்டார். நகரி என்றேன். “அப்ப நம்ம ஜனந்தான். நம்மள இந்தப் பக்கமே வுட்டுட்டாங்களேப்பா” என்று அந்த வலியிலும் ஒரு பேச்சுப் பேசினார்.

நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. பழக்கம் முந்திக்கொண்டது. கண்ணை மூடி, அவர் இடுப்பில் கை வைத்து, வாய்க்குள் ஒப்பிக்கத் தொடங்கினேன்.

அந்த அம்மாள் என் கையைத் தட்டிவிட்டார்.

“இன்னாப்பா டாக்டரு, நோவு முட்டியில கீது. நீ இன்னாத்துக்கு இடுப்புல ஆரம்பிக்கிறே?”

கோபால் படியில் உட்கார்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வாளர் சொன்ன அதே குறை. கோபாலிடமும் நான் சொல்லாதது. அந்த அம்மாளுக்கு அது எப்படித் தெரியும்? ஆவணியில் நான் கேட்டதற்கு விடை சொல்ல மலையப்பன் இந்த வாயைத் தேர்ந்துகொண்டான் என்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படியே படுகிறது.

கண்ணைத் திறந்து முழங்காலிலேயே கை வைத்தேன். ஒப்பிக்கவில்லை. முழங்காலை மூடும் சிப்பி எலும்பு விரலில் பட்டது. அதன் கீழே மூட்டின் இடுக்கு. அதற்குள் பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புகள் உண்டு என்பது, இடுப்பைத் தொடாமலே, தொடையைக் கடக்காமலே, தானாக நினைவில் எழுந்தது. அவற்றுள் ஒன்று சிக்கியிருக்க வேண்டும். கோபாலைத் தொடையைத் தாங்கச் சொல்லி, காலை மெல்ல மடக்கி, மெல்லத் திருப்பி, மெல்ல நீட்டினேன். உள்ளே ஒரு சிறு அசைவு. கால் நீண்டுவிட்டது. பயிலும் மாணவன் ஒருவன் இன்று இப்படித் துணிந்தால் நானே அவனைக் கண்டிப்பேன். அன்று கை என்னுடையது, பிடி என்னுடையதன்று.

அம்மாள் காலை உதறிப் பார்த்துவிட்டு மறுபடி முழங்கால் போட்டார். கூடாது, நடந்தே போங்கள் என்றேன். “நேந்துக்கினது பாதியில நிக்கிதேப்பா” என்று முதல் முறையாகக் கண் கலங்கினார். மீதிப் படிகளை உங்களுக்காக நான் ஏறுகிறேன் என்று சொல்லி முழங்காலிட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “சரி, என் பேரச் சொல்லிக்கினே ஏறு. இல்லாட்டி சாமி உன் பேருல எழுதிக்கப் போறாரு” என்றார்.

அப்படியே ஏறினேன். ஒவ்வொரு படியும் கல்லில் எலும்பு படும் பாடம். நாலைந்து படி ஏறியபின் என்னை அறியாமல் வாயில் ஒரு பாசுரம் வந்தது. விளக்கின் முன் வராமல் நின்றுபோன அந்த நான்காம் பாட்டு. முன் மூன்றும் வராமல், அதுவே முதலாக வந்தது. அப்போதுதான் ஒன்று விளங்கியது. அந்தாதி ஒரு மாலை. மாலையில் எந்தப் பூவைப் பிடித்தாலும் முழு மாலையும் கைக்கு வரும். தொடக்கத்திலிருந்துதான் வர வேண்டும் என்று நிபந்தனை போட்டவன் நான்தான்.

எதை விட வேண்டும் என்று கேட்டிருந்தேன். எதையும் விட வேண்டாம் என்பதே அவன் விடை. மறுநாள் முதல் காலையில் அந்தாதியை ஒவ்வொரு நாளும் வேறு வேறு பாட்டிலிருந்து தொடங்கினேன். பாடத்தையும் அவ்வாறே. மாலையில் பந்தாட்டம். ஆட்டத்தில் அடிபட்டவன் காலோ கையோ அன்றைய பாடம். உணவுக்கூடத்தில் கோபால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இங்கே ஓடும் நரம்பு எது என்று சொன்னால்தான் சாம்பார் வாளியை நகர்த்துவான். புரட்டாசியின் மற்றச் சனிக்கிழமைகளிலும் மலையேறினோம். படித்த நேரம் முன்னைவிடக் குறைவு. நெஞ்சில் நின்றது அதிகம்.

ஐப்பசித் தேர்வில் முழங்காலைக் கேட்கவே இல்லை. மணிக்கட்டைக் கேட்டார்கள். கண்ணை மூடாமல் என் மணிக்கட்டையே பார்த்தேன். அங்கிருந்தே தொடங்கினேன். மணி அடிப்பதற்குள் சொல்லி முடித்து, தேர்வாளர் மேலும் கேட்ட இரண்டுக்கும் விடை சொன்னேன்.

தேறினேன். நகரிக்கு அஞ்சலட்டை போட்டேன். நைனா பதில் எழுதச் செய்தார்: “உனக்கு வச்சிருந்த பாவ வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். இனிமே வந்தா விருந்தாளியாத்தான் வரணும்.”

பின்னர் எல்லையோர ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்தேன். சத்தியவேட்டில் இருந்தபோது முனியம்மாவைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவர் பெயரால் ஏறிய படிகளின் தழும்பு என் இரு முழங்காலிலும் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு புரட்டாசியிலும் முடிந்தவரை மலைக்குப் போய் அந்த இடத்தில் சற்று நிற்கிறேன். நான்காம் பாட்டிலிருந்து தொடங்கிச் சொல்லுகிறேன்.

அன்பர்களே, அவன் சந்நிதியில் நிற்கும்போது நம்மில் பலர் வேண்டுதலை முறையாகத் தொடங்கத் தெரியவில்லையே என்று தயங்குகிறோம். தயங்க வேண்டாம். நோவு எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே தொடங்குங்கள். அவன் கையும் நேராக அங்கேதான் வரும்.